கம்பெனியை விசாரிக்கப் போனது

"பொண்ணைக் குடுக்கற எடத்தைத்தான்டி விசாரிப்பா! வேலை குடுக்கற எடத்தை எவனாவது போய் விசாரிப்பானா?"

"நான் விசாரிப்பேன்."

"அவாதான் உன்னை விசாரிக்கணும்! நீ அவாளை விசாரிக்கறதாவது! எந்த லோகத்துல நடக்கறது இது?"

"மாசாமாசம் கம்பெனிலேர்ந்து வெளில போற தண்ணி சுத்தமா இருக்குன்னு நான் கையெழுத்துப் போடணும்ப்பா. சுத்தமா இல்லேன்னா என்ன பண்றது?"

"இல்லேன்னா சுத்தம் பண்ணு! அதுக்குத்தானே சம்பளம் தரான்!"

"மொதல்ல ரெண்டு பேரும் சாப்ட்டுட்டுச் சண்டை போடுங்கோ. சாத்துமது ஆறிப் போறது" என்றது மூன்றாவது குரல்.

எங்கள் வீட்டுக்கும் சந்தானம் சார் வீட்டுக்கும் நடுவில் இருந்தது சுவர் அல்ல, மரத்தடுப்பு. பவானிபூரின் பழைய வீடுகளில் ஒரு ஜமீன்தார் கூடத்தை இரண்டாக வெட்டி இரண்டு குடித்தனம் வைத்துவிடுவார்கள். தடுப்பு கூரை வரை போகாது. அதனால் அவர்கள் வீட்டுப் பெருங்காயம் எங்கள் குழம்பிலும், எங்கள் கருவாடு அவர்கள் பூஜையிலும் கலந்துகொண்டிருந்தன. மாமி அதற்காக ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. ஊதுபத்தியை மட்டும் இரண்டாக ஏற்றுவார். நான் ஒட்டுக்கேட்கிறவள் என்று என் வீட்டுக்காரர் மருதமுத்து சொல்வார். ஒட்டுக்கேட்பதற்குச் சுவர் வேண்டும். இங்கே காது இருந்தால் போதும். அன்றைக்கு மின்விசிறியை மட்டும் நிறுத்தினேன், அவ்வளவுதான்.

"புழுங்குதுல்ல, ஃபேனை ஏன் நிறுத்துன?" என்றார் இவர்.

"கரண்டை மிச்சம் பண்றேன்."

"ஒனக்கு எதுக்கு ஊர் வம்பு?" என்று பேப்பருக்குள் போய்விட்டார். ஆனால் அவரும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை என்பதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

விஷயம் இதுதான். அலிப்பூரில் மத்திய அரசுக் கணக்கு அலுவலகம் ஒன்றில் இருந்த சந்தானம் சாருக்கு அந்த மார்ச்சோடு ஓய்வு. மேற்கு மாம்பலத்தில் ஒரு ஃபிளாட் தயாராக இருந்தது. மாமி சுந்தரவல்லி அதற்குள் மனதளவில் குடிபோய், எந்த ஜன்னலில் துளசி வைப்பது என்பது வரை முடிவு செய்துவிட்டார். ஒரே மகள் சாதனா. வேதியியலில் எம்.எஸ்ஸி. முடித்துவிட்டு, குடிதண்ணீர் சோதிக்கிற ஒரு சின்னக் கூடத்தில் தற்காலிக வேலையில் இருந்தாள். அவளுக்கு மாம்பலம் போக இஷ்டமில்லை. கல்கத்தாவில் நிரந்தர வேலை கிடைத்தால் பாலிகஞ்சில் ஒரு பெண்கள் விடுதியில் இருக்கலாம், கிடைக்காவிட்டால் மூட்டை முடிச்சோடு கிளம்ப வேண்டும் என்பது அப்பாவுக்கும் மகளுக்கும் இடையே இருந்த ஒப்பந்தம். மாம்பலத்துக்குப் போனால் என்ன நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். ஜாதகம் வெளியே வரும்.

வேலையும் கிடைத்தது. நகரத்தின் கிழக்கு ஓரத்தில், பைபாஸைத் தாண்டி, பெயின்டுக்கு வேண்டிய சாயப்பொடிகள் செய்கிற ஒரு கம்பெனி. பிரதீப்தா பிக்மென்ட்ஸ் என்று பெயர். சுற்றுச்சூழல் அதிகாரி என்று பதவி. நான் கேள்விப்பட்ட உடனே மாமியிடம் போய் சர்க்கரை வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். என் மகன் ரோஹித் பெங்களூருக்குப் போனதிலிருந்து, சாயந்திரமானால் என் அடுப்படி மேடையில் ஏறி உட்கார்ந்து காலை ஆட்டிக்கொண்டே ஊர்க்கதை பேசுகிறவள் அவள் ஒருத்திதான். பாலிகஞ்ச் எத்தனை தூரம்? ஞாயிற்றுக்கிழமைகளில் வருவாள்.

ஆனால் இந்தப் பெண், வேலை கிடைத்த சந்தோஷத்தில் சும்மா இருக்காமல், "சேர்றதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனியைக் கொஞ்சம் பாக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டது. அதில்தான் அந்தச் சண்டை.

அவள் ஏன் கல்கத்தாவை விட மாட்டேன் என்கிறாள் என்று அவளுடைய அப்பாவுக்குத் தெரியாது. அம்மாவுக்குத் தெரிந்திருக்கலாம், மாமிக்குத் தெரிந்தவை எத்தனை, தெரியாதவை எத்தனை என்று கண்டுபிடிக்கிற திறமை எனக்கே இல்லை. எனக்குத் தெரியும். ஹாஜ்ரா முக்கில், புச்கா என்று இங்கே சொல்கிற பானிபூரி வண்டி முன்னால், நிர்மால்யா என்கிற ஒரு நெட்டையனோடு அவளைப் பார்த்திருக்கிறேன். ஏதோ கல்லூரியில் பகுதிநேரமாக வரலாறு நடத்துகிறவன். எப்போதும் தோளில் ஒரு துணிப்பை, சட்டையில் ஒரு பொத்தான் குறைச்சல். புச்காக்காரர்கள் கடைசியில் காசில்லாமல் ஒன்று கொடுப்பார்கள், புளித்தண்ணி இல்லாமல், வெறும் உருளைக்கிழங்கு வைத்து. அந்த ஒன்றை அவன் தன் இலைக்கிண்ணத்திலிருந்து எடுத்து அவளுடையதில் வைத்தான். கல்கத்தாவில் ஒருவன் தன் இலவச புச்காவை விட்டுக்கொடுத்தால் அதற்கு மேல் அவனைப் பற்றி விசாரிக்க ஒன்றுமில்லை.

சாதனாவுக்குக் கோபம் தமிழில் வரும், சிரிப்பு வங்காளத்தில் வரும். எங்கள் அடுப்படியில் அவள் சிரித்தாலும், ஹாஜ்ரா முக்கில் சிரித்த மாதிரி நான் கேட்டதில்லை.

சண்டை நடந்த மறுநாள் வந்தாள். மேடையில் ஏறி உட்கார்ந்தாள், காலை ஆட்டவில்லை.

"ஆன்ட்டி, இன்டர்நெட் சென்டர்ல போய் அவா வெப்சைட்டைப் பாத்தேன். ஒரு பக்கம் தொறக்கறதுக்குள்ள ஒரு டீ குடிச்சுடலாம். நம்ம விழுமியங்கள்னு போட்டு ஒரு பச்சை இலை, அதுமேல ஒரு சொட்டுத் தண்ணி. அவ்வளவுதான் தொறந்தது. வருஷ அறிக்கையை வாங்கிப் படிச்சேன். மரம் நட்டாளாம். ஒரு பெரிய மனுஷர் மண்வெட்டியோட நிக்கறார்."

"மரம் நட்டா நல்லதுதானே?"

"எங்க நட்டான்னு போடலை. ஒரு கவர்மென்ட் ஆபீசுக்கும் போனேன். ரிப்போர்ட் இருக்காம். பீரோ சாவி வெச்சிண்டிருக்கறவர் லீவாம். டீ குடுத்தா. அது நன்னாவே இருந்தது." கொஞ்ச நேரம் கொத்தமல்லியைக் கிள்ளிக்கொண்டிருந்துவிட்டு, "நீங்கதான் ஆன்ட்டி விசாரிக்கணும்" என்றாள்.

"நானா? நான் என்னத்தைக் கண்டேன் கம்பெனியை?"

"மாப்பிள்ளை விசாரிப்பேளே, அந்த மாதிரி."

இதைக் கொஞ்சம் விளக்க வேண்டும். கல்கத்தாவில் இருக்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு ஊரிலிருந்து ஒரு வரன் வந்தால் ஊர்க்காரர்களே விசாரித்துக்கொள்வார்கள். மாப்பிள்ளை கல்கத்தாவிலேயே வேலை பார்க்கிறான் என்றால் என்னைத்தான் கூப்பிடுவார்கள். ஐயர், ஐயங்கார், முதலியார், நாடார் என்று பேதமில்லாமல் எல்லாருக்கும் விசாரித்திருக்கிறேன். இன்ஷூரன்ஸ் புரோக்கர் மாதிரி கமிஷன் கிடையாது, ஒரு ரவிக்கைத்துணி வரும். என் முறை இதுதான்: மாப்பிள்ளையின் சொந்தக்காரர்களிடமும் சிநேகிதர்களிடமும் கேட்கவே கூடாது. வாசல் பக்கம் போகக் கூடாது, கொல்லைப் பக்கம் போக வேண்டும். பால்காரன், துணி தேய்க்கிறவன், அந்த வீட்டில் வேலையை விட்டுப் போனவள், இவர்களிடம் வேறு எதையோ கேட்கிற மாதிரி கேட்க வேண்டும். சாதனா சின்னப் பிள்ளையிலிருந்து என் கூடவே இதற்கெல்லாம் வந்திருக்கிறாள். ஒரு பெண்பிள்ளை கையில் இருந்தால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள்.

"கம்பெனிக்குக் கொல்லைப் பக்கம் இருக்குமா?" என்றேன்.

"இருக்கும். தண்ணி அந்தப் பக்கம்தானே போகும்."

ஒரு சனிக்கிழமை கிளம்பினோம். மருதமுத்துவிடம் காளிகாட் போவதாகச் சொன்னேன். "காளிகாட் போறதுக்கு எதுக்குக் குடை, தண்ணி, பிஸ்கட்டு?" என்று கேட்டுவிட்டு, பதில் வராததால் அவரே பையைத் தூக்கிக் கொண்டுவந்து பஸ்ஸில் ஏற்றிவிட்டார். சாதனாவின் கைப்பையில் சுத்தமாகக் கழுவிய இரண்டு கண்ணாடி பாட்டில்கள் இருந்தன. தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து சோதிப்பதற்காம். பஸ் குலுங்கும்போதெல்லாம் அவை ஒன்றோடொன்று இடித்துச் சத்தம் போட்டன. அவள் தன் கைக்குட்டையை நடுவில் வைத்தாள்.

கம்பெனியின் முன்வாசல் கல்யாண மண்டபம் மாதிரி இருந்தது. சாமந்திப் பாத்திகள், வெள்ளையடித்த கற்கள், நீலச் சட்டை போட்ட காவலாளி. நாங்கள் நிற்காமல் மதில் ஓரமாகவே நடந்து பின்னால் போனோம். அங்கே ஒரு வாய்க்கால். அதன் தண்ணீர் கறுப்பாகத்தான் இருந்தது, ஆனால் கல்கத்தாவில் எந்த வாய்க்கால் கறுப்பில்லை? அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது என்றாள் சாதனா. அவள் முகத்தில் ஒரு சின்ன நிம்மதி வந்ததை நான் பார்க்காத மாதிரி பார்த்துக்கொண்டேன். வாய்க்காலை ஒட்டி ஓட்டு வீடுகள் வரிசையாக ஒரு சந்து. முனையில் ஒரு டீக்கடை.

நான் முன்கூட்டியே கதை தயார் செய்து வைத்திருந்தேன். என் தங்கை மகளுக்கு ஒரு வரன், மாப்பிள்ளை இந்தக் கம்பெனியில் கணக்கெழுதுகிறான், பெயர் விக்ரம், மதராஸிப் பையன். இதைச் சொல்லிக்கொண்டே கம்பெனி எப்படி, சம்பளம் ஒழுங்காகத் தருவார்களா, உடம்புக்கு ஏதும் ஆகாதே என்று பேச்சை அந்தப் பக்கம் நகர்த்துவதாகத் திட்டம். எனக்கே என் சாமர்த்தியம் பிடித்திருந்தது.

டீக்கடைக்காரர், கம்பெனியா என்று கேட்டுவிட்டு, "கூப் பாலோ!" என்றார். ரொம்ப நல்ல கம்பெனியாம். பூஜைக்கு இந்தச் சந்துக்குப் பந்தல் போடுவதே அவர்கள்தானாம். குளிர்காலத்தில் கம்பளி கொடுப்பார்களாம். பையன்? "விக்ரம்பாபுதானே? தெரியாமலா! கூப் பாலோ சேலே! நாற்காலியில் உட்கார்ந்தால் தலை நிமிர மாட்டார், ஒரு பீடி கிடையாது, ஒன்றும் கிடையாது."

நான் சாதனாவைப் பார்த்தேன். அவள் டீயைப் பார்த்தாள்.

துணி தேய்க்கிறவரிடம் போனோம். கம்பெனி? கூப் பாலோ. விக்ரம்பாபு? அவரும் கூப் பாலோ. அவருடைய சட்டையை இவர்தான் தேய்ப்பாராம், காலரில் அழுக்கே இருக்காதாம். அடுத்த வீட்டுத் திண்ணைக் கல்லில் அரிசி பொறுக்கிக்கொண்டிருந்த கிழவி ஒருத்தி ஒருபடி மேலே போய், அவன் அம்மாவையே தனக்குத் தெரியும், தங்கமான மனுஷி, மருமகளை மகள் மாதிரி வைத்துக்கொள்வாள் என்று என் கையைப் பிடித்துச் சத்தியம் செய்தாள்.

சந்தின் நடுவில் நின்று சாதனா சிரிக்க ஆரம்பித்தாள். ஹாஜ்ரா முக்குச் சிரிப்பு. கண்ணில் தண்ணீர் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டு, "ஆன்ட்டி, விக்ரமை நானே பண்ணிக்கறேன். இப்படி ஒரு புள்ளை எங்க கெடைப்பான்?" என்றாள்.

"கல்யாணத்தைக் கலைச்ச பாவம் வேண்டாம்னு நல்லதாச் சொல்றாக. எந்த ஊர்லயும் அப்படித்தான்."

"அப்போ கம்பெனியைப் பத்திச் சொன்னது?"

இல்லாத விக்ரமுக்கே இத்தனை நற்சான்றிதழ் என்றால், இருக்கிற கம்பெனிக்குக் கிடைத்ததை எங்கே கொண்டுபோய் வைப்பது? இத்தனை வருஷமாக நான் விசாரித்துச் சொன்ன மாப்பிள்ளைகளெல்லாம் வரிசையாக என் கண் முன்னால் வந்து நின்றார்கள். அவர்களைப் பிறகு கவனித்துக்கொள்ளலாம் என்று அனுப்பி வைத்தேன்.

திரும்பிவிடலாம் என்று நினைத்தபோதுதான் மாலோதி கூப்பிட்டாள். கிழவியின் மருமகள். எங்கள் கதை அதற்குள் சந்து முழுவதும் போயிருந்தது. கல்யாண விஷயமாக வந்தவர்கள் வாய் நனைக்காமல் போகக் கூடாது என்று உள்ளே கூட்டிப்போய் உட்கார வைத்தாள். அவள் வீட்டுக்காரனும் கம்பெனியில்தான் வேலை பார்த்தான். சின்ன முற்றம், நடுவில் ஒரு அடிகுழாய். பளபளவென்று பச்சைப் பெயின்ட், பக்கத்துச் சுவரில் கம்பெனி பெயரும் அந்த இலையும். "கம்பெனி போட்டுக் கொடுத்தது" என்றாள் மாலோதி பெருமையாக.

வங்காளிகள் வீட்டில் வெறும் தண்ணீர் தரமாட்டார்கள், கூட ஒரு இனிப்பு இருக்கும். தட்டில் இரண்டு சந்தேஷ் வந்தது. தண்ணீர் வரவில்லை. மாலோதி ஒரு குடத்தை எடுத்துக்கொண்டு, இதோ வந்துவிட்டேன் என்று வெளியே போனாள். நாங்கள் சந்தேஷைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். போனவள் வரவே இல்லை. என் விரலெல்லாம் இனிப்பு ஒட்டிக்கொண்டது. கையைக் கழுவலாம் என்று எழுந்து அடிகுழாயின் கைப்பிடியைப் பிடித்தேன்.

"ஓட்டா நா, தீதி! ஓட்டா நா!"

குடத்தோடு வாசலில் நுழைந்த மாலோதி, குடத்தை அப்படியே கீழே வைத்துவிட்டு ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்தாள். அது வேண்டாம். ஏன் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அவள் ஏதாவது நல்லதாகத்தான் சொல்லியிருப்பாள். அவளே சிரித்துக்கொண்டு, பந்தல் கம்பைக் கழுவ, மாட்டைக் கழுவ அது ரொம்ப நல்ல குழாய், தண்ணீர் நிற்காமல் வரும் என்றாள். குடிப்பதற்கு மட்டும் பெரிய ரோட்டுக் குழாய். கொஞ்சம் நடக்க வேண்டும், அவ்வளவுதான். பிறகு வெண்கலத் தம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். குடித்தோம். மாப்பிள்ளை வீட்டார் சார்பில் அவளே எங்களை வழியனுப்பினாள்.

சாதனா அடிகுழாயைப் பார்த்துக்கொண்டே நின்றாள். அவள் கை கைப்பைக்குள் போயிற்று. பாட்டில்களை எடுக்கப் போகிறாள் என்று நினைத்தேன். எடுக்கவில்லை. கைக்குட்டையை எடுத்து வாயைத் துடைத்துக்கொண்டாள்.

திரும்பும்போது பஸ்ஸில் ஜன்னலோரம் அவள், பக்கத்தில் நான். எல்லா வீட்டிலும் ஏதாவது ஒன்று இருக்கும், அதையெல்லாம் பார்த்தால் ஊரில் ஒரு கல்யாணமும் நடக்காது என்று சொன்னேன். மாப்பிள்ளை விசாரித்துவிட்டு வந்து நான் வழக்கமாகச் சொல்கிறதுதான். அதைச் சொல்லும்போது எனக்கு ஞாயிற்றுக்கிழமைகள்தான் ஞாபகத்தில் இருந்தன.

"பாட்டில்ல பிடிச்சிருக்கலாம் ஆன்ட்டி. எங்க லாப்லயே பாத்திருக்கலாம்."

"பின்ன ஏன் பிடிக்கல?"

"நல்ல தண்ணியா இருந்துடணுமேன்னு இருந்தது." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "அப்படி நெனச்சுண்டு பிடிக்கற தண்ணியை நான் எப்படி டெஸ்ட் பண்றது?"

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் அவள் சந்தானம் சார் பெற்ற பெண். ஒரு எண் இடிக்கிறதென்றால் அந்த மனுஷர் முழுக் கணக்கையும் திரும்பப் போடுவார். அடுத்த வாரம் அவளே கம்பெனிக்கு நேரில் போனாள். முன்வாசல் வழியாக. மேனேஜர் எழுந்து நின்று வரவேற்றாராம். அடிகுழாயைப் பற்றிக் கேட்டதற்கு அவர் மறுக்கவே இல்லையாம். "இதற்காகத்தானே உங்களைப் போன்ற ஒருவர் எங்களுக்குத் தேவை" என்றாராம். பழைய தண்ணீர்ச் சோதனை முடிவுகளைக் காட்டுங்கள் என்று இவள் கேட்க, "சேர்ந்த பிறகு எல்லாம் உங்கள் மேஜையில் இருக்கும்" என்றாராம்.

"தாலி கட்டினதுக்கு அப்புறம் ஜாதகம் காட்டறேன்ங்கறார்" என்றாள் என் அடுப்படியில்.

"நல்ல மனுஷன் மாதிரித்தான தெரியுது?"

"நல்லவர்தான். அதான் கஷ்டமா இருக்கு. எனக்கு முன்னாடி அந்த வேலைல ஒருத்தர் இருந்திருக்கார். அவர் எங்க போனார்னு கேட்டேன். அவரும் ரொம்ப நல்லவராம்" என்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மாமி ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டிருந்தது நின்றிருந்தது. நானும் குரலைத் தாழ்த்தினேன். "அந்தப் பையன் என்ன சொல்றான்?"

எந்தப் பையன் என்று அவள் கேட்கவில்லை. என் மீது அவளுக்கு அவ்வளவு மரியாதை இருந்தது.

"நேத்து சொன்னேன். அடிகுழாய், மேனேஜர், எல்லாம். இந்த வேலைக்குப் போகலேன்னா ஏப்ரல்ல மெட்ராஸ்னும் சொன்னேன்."

"சரி?"

"துமி ஜா பாலோ போஜோ."

உனக்கு எது சரின்னு படுதோ அது. எவ்வளவு மரியாதையான வார்த்தை! அவளுடைய அறிவின் மீதும் மனசாட்சியின் மீதும் அந்தப் பையனுக்கு எவ்வளவு நம்பிக்கை! எனக்கு அவனை அந்த அடிகுழாயில் முக்கி எடுக்கலாம் போலிருந்தது. அவள் அவனிடம் கேட்டது யோசனை இல்லை. இந்த வேலை இல்லாவிட்டாலும் இரு என்று ஒரு வார்த்தை. பகுதிநேர வேலை, விதவைத் தாய், பொத்தான் இல்லாத சட்டை, இதெல்லாம் வைத்துக்கொண்டு இரு என்று எப்படிச் சொல்வது என்று அவன் நினைத்திருப்பான். நினைத்ததெல்லாம் நியாயம்தான். நியாயத்தை வைத்துக்கொண்டு அவள் என்ன செய்வாள்?

"நீயே கேட்டுற வேண்டியதுதான?"

"கேட்டேன் ஆன்ட்டி. வேற எப்படிக் கேக்கறது?"

அவள் மேடையிலிருந்து இறங்கினாள். எங்கள் வீட்டுத் தொலைபேசி கூடத்தில் இருந்தது. அவர்கள் வீட்டிலும் ஒன்று இருந்தது, ஆனால் இங்கிருந்தே பேசுகிறேன் என்றாள். மேனேஜருக்கு நன்றி சொன்னாள், மிகவும் யோசித்ததாகச் சொன்னாள், அந்த அடிகுழாயின் கைப்பிடியையாவது கழற்றிவிடும்படி கேட்டுக்கொண்டாள். இங்கிலீஷில் அவள் குரல் நடுங்கவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் திரும்பியபோது மருதமுத்து நாற்காலியிலிருந்து எழுந்து நின்றுகொண்டிருந்தார். எதற்கு எழுந்தோம் என்று தெரியாமல் பேப்பரை மடித்து மறுபடியும் உட்கார்ந்தார்.

அன்றைக்குச் சாயந்திரம் பெரிய சண்டை வரும் என்று மின்விசிறியை நிறுத்திவிட்டுக் காத்திருந்தேன். வரவில்லை. "வேண்டாம்னு சொல்லிட்டேம்ப்பா" என்று ஒரு குரல். நீண்ட நேரம் கழித்து, "சாப்ட்டியோ?" என்று இன்னொரு குரல். அவ்வளவுதான். ஆனால் மறுவாரம் மாடிப்படியில் என் வீட்டுக்காரரை நிறுத்தி வைத்து, "என் பொண்ணு ஒரு கம்பெனியையே வேண்டாம்னு தள்ளிட்டா, தெரியுமோ ஓய்? விசாரிச்சாளாம், சரியில்லையாம்!" என்று சந்தானம் சார் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குக் கேட்டது. அவர் தலையில் அடித்துக்கொண்டே சொன்னார், ஆனால் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார்.

ஏப்ரலில் லாரி வந்தது. சாதனா தன் புத்தகங்களை என் வீட்டில் கொண்டுவந்து அடுக்கினாள், எங்கே அனுப்புவதென்று பிறகு சொல்கிறேன் என்றாள். ஹௌரா ஸ்டேஷனுக்கு அந்த நெட்டையன் வந்திருந்தான். ஒரு டப்பா ரசகுல்லா வாங்கிக்கொண்டு வந்து சந்தானம் சாரிடம் கொடுத்து, அவர் காலைத் தொட்டுக் கும்பிட்டான். "யாருடா நீ, ரொம்ப நல்ல பையனா இருக்கியே" என்று தமிழில் கேட்டார் அவர். அவனுக்குப் புரியவில்லை. வண்டி நகர்ந்தபோது சாதனா எல்லோருக்கும் சேர்த்து ஒரே கையசைப்பாக அசைத்தாள். அதில் யாருக்கு எவ்வளவு என்று பிரித்துக்கொள்வது எங்கள் பொறுப்பு.

அவள் அம்பத்தூரில் ஒரு தண்ணீர் சோதனைக் கூடத்தில் சேர்ந்தாள். இரண்டு வருஷத்தில் கல்யாணம். ஹைதராபாத்தில் வேலை பார்க்கிற தீபக் என்கிற பையன். விசாரித்தீர்களா என்று மாமியிடம் தொலைபேசியில் கேட்டேன். சாதனா வேண்டாமென்று சொல்லிவிட்டாளாம். எப்படியும் எல்லோரும் நல்லதாகத்தான் சொல்வார்களாம். நாங்கள் கல்யாணத்துக்குப் போகவில்லை, மருதமுத்துவுக்கு அப்போதுதான் மூட்டு ஆபரேஷன். சந்தானம் சார் மறு வருஷம் மாம்பலத்தில் காலமானார். மாமி துளசியோடு ஹைதராபாத்துக்குப் போய்விட்டார். அவர்கள் இருந்த பாதியில் ஒரு மார்வாடிக் குடும்பம் குடி வந்தது. வந்த வேகத்தில் தடுப்பை எடுத்துவிட்டுச் சுவர் எழுப்பிவிட்டார்கள். சாயப்பொடிக் கம்பெனியில் அந்த வேலைக்கு வேறொரு பெண் சேர்ந்ததாகக் கேள்வி. கைப்பிடியைக் கழற்றினார்களா என்று எனக்குத் தெரியாது. நிர்மால்யாவுக்கு சிலிகுரியில் நிரந்தர வேலை கிடைத்து, அங்கேயே கூட வேலை பார்க்கிற ஒரு பெண்ணைக் கல்யாணம் செய்துகொண்டான். பூஜை விடுமுறையில் ஒரு தடவை ஜதுபாபு பஜாரில் இருவரையும் பார்த்தேன். அவன் சட்டையில் எல்லாப் பொத்தான்களும் இருந்தன. என்னை அடையாளம் கண்டு நின்றான், எல்லாரும் சௌக்கியமா என்று கேட்டான். எல்லாரும் என்றான், பெயர் சொல்லவில்லை. எல்லாரும் சௌக்கியம் என்றேன்.

போன மாசம் சாதனா மொபைலில் கூப்பிட்டாள். குழந்தை தூங்குகிறது, அதனால் மெதுவாகப் பேசுகிறேன் என்றாள். இவருடைய மூட்டுவலியைக் கேட்டாள், ரோஹித்தைக் கேட்டாள், அங்கிள் இன்னும் அதே பேப்பர்தானா என்று கேட்டாள். பிறகு பேச்சு நின்றது. வைத்துவிட்டாளோ என்று பார்த்தேன்.

"ஆன்ட்டி, அந்த போனைக் கொஞ்சம் ஜன்னலுக்கு வெளில நீட்டுங்கோளேன்."

"எதுக்கு?"

"சும்மா."

நீட்டினேன். கீழே ஒரு பஸ் வந்து நின்றிருந்தது. கண்டக்டர் தகரத்தைத் தட்டித் தட்டி ஹாஜ்ரா, கோரியாஹாட், பாலிகஞ்ச் என்று ஒரே மூச்சில் கூவிக்கொண்டிருந்தான். ஒரு மீன்காரி யாரோடோ சண்டை போட்டாள். பஸ் போய் இன்னொரு பஸ் வந்தது. என் கை வலித்தது, மாற்றிக்கொண்டேன். அவள் இன்னும் அங்கே இருக்கிறாளா என்று காதில் வைத்துப் பார்க்கலாம்தான். அடுத்த பஸ் வரட்டும் என்று நீட்டியபடியே நின்றேன்.